பட்டினி கிடந்தது ஈஸ்ட்

16 மணி நேரம் பட்டினி கிடந்தால் செல்கள் தங்கள் கழிவைத் தாமே தின்று புற்றுநோயை அழித்துவிடும், இதற்குத்தான் 2016இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிசு உண்மை. மற்றதெல்லாம் உங்கள் சொந்தச் சரக்கு.

அந்தப் பரிசைப் பெற்ற ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி பட்டினி போட்டது ஈஸ்டை. அதிலும் ஒரு தந்திரம் செய்தார். செல்லின் குப்பைகள் போய்ச் சேரும் பை வாக்குவோல். அதற்குள் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்துக்கொண்டார். குப்பை வரும், ஆனால் கரையாது. சில மணி நேரத்தில் அந்தப் பைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் குவிந்து துள்ளுவது சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. எத்தனை அழகான சோதனை! அதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

செல் தன் குப்பையைத் தானே தின்னும் இந்தத் தன்விழுங்கல் (ஆட்டோஃபேஜி) மனிதத் திசுவில் எத்தனையாவது மணியில் வேகமெடுக்கிறது என்று அளப்பதே பெரும்பாடு. 16 என்ற எண் எங்கிருந்து குதித்தது?

புற்றுநோய் விஷயம் இன்னும் சிக்கலானது. தன்விழுங்கல் தொடக்கத்தில் கட்டி உருவாவதைத் தடுக்கலாம். ஆனால் வளர்ந்துவிட்ட கட்டி, ஊட்டம் குறையும்போது பிழைத்திருக்க அதே வழியைத்தான் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கொடுத்து அதைத் தடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடந்தன. தூண்டுவதற்கு அல்ல, தடுப்பதற்கு!

கீமோதெரபியில் ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தினால் என்ன செய்வீர்கள்?