கடையை மூடினவனுக்குக் காதல் கடிதம்

(பாளையங்கோட்டையில் ஒரு தெரு. பழைய புத்தகக் கடையும் ஜெராக்ஸ் கடையும் பக்கத்துப் பக்கத்தில். ஜெராக்ஸ் கடை முன்பு பிரவுசிங் சென்டராக இருந்தது. அந்தப் போர்டு இன்னும் கழற்றப்படவில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. புத்தகக் கடை அண்ணாச்சிக்கும் ஜெராக்ஸ் தம்பிக்கும் பேச்சைத் தவிர வேலை இல்லை.)

தம்பி: அண்ணாச்சி, நான் சொன்ன படம் பாத்தீங்களா?

அண்ணாச்சி: பாத்தேன்டே. ‘யூவ் காட் மெயில்’, 1998. நல்ல சோகப் படம்.

தம்பி: சோகமா? அது காமெடி அண்ணாச்சி! டாம் ஹேங்ஸ், மெக் ரயன். கடைசில சேந்துருதாங்கல்லா?

அண்ணாச்சி: சேந்தது கிடக்கட்டும். அம்மா வச்சிட்டுப் போன புத்தகக் கடையை அந்தப் பிள்ளை இழுத்து மூடுது. பக்கத்துலயே பெரிய கடை போட்டு மூட வச்சவன் கழுத்தையே கட்டிக்கிடுது. இதுல எந்த எடத்துல சிரிக்கணும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடு.

தம்பி: நீங்க கல்லாப்பெட்டில உக்காந்துக்கிட்டே பாத்திருக்கீங்க. காதலைப் பாருங்க. மெயில்ல அவ பேரு ‘ஷாப்கேர்ள்’, அவன் பேரு ‘என்ஒய்152’. முகம் தெரியாது, தொழில் தெரியாது. சொந்த விவரம் எதுவும் பேசக்கூடாதுன்னு ஒப்பந்தம்.

அண்ணாச்சி: எல்லாத்தையும் மறைச்சது சரி. வீட்டுல கூட இருக்க ஆளு வெளிய போயாச்சான்னு எட்டிப் பாத்துட்டுல்லா பெட்டியைத் தொறக்காங்க? அவளுக்கும் ஒருத்தன் இருக்கான், அவனுக்கும் ஒருத்தி இருக்கா. இது காதலா, களவாணித்தனமாடே?

தம்பி: பாக்கவங்க ரெண்டா பிரியுத மொத எடமே அதான். வெறும் லெட்டர்தானேன்னு ஒரு கட்சி, லெட்டர்னாலும் ஒளிச்சு எழுதுனா தப்புன்னு இன்னொரு கட்சி. டைரக்டர் நோரா எஃப்ரான் கெட்டிக்காரி, வீட்டுல கூட இருக்க அந்த ரெண்டு பேரையும் ஒப்புக்குத்தான் வச்சிருக்கா. ஒரு ஜோடி சிரிச்சிக்கிட்டே பிரிஞ்சிருது, இன்னொரு ஜோடி லிஃப்ட்டுல மாட்டுன அன்னிக்கு முடிஞ்சிருது. யாருக்கும் கண்ணீர் இல்ல.

அண்ணாச்சி: அந்தப் பிள்ளை கூட இருக்க டைப்ரைட்டர்க்காரன் நல்ல பையன். கம்ப்யூட்டரே வேண்டாம்னு இருக்கான் பாரு. கரண்டு போனாலும் அவன் வேலை நிக்காது.

தம்பி: அது எலக்ட்ரிக் டைப்ரைட்டர் அண்ணாச்சி.

அண்ணாச்சி: ...சரி, விடு. அந்த லேப்டாப்பைத் தொறந்ததும் கீச்சுக் கீச்சுன்னு ஒரு சத்தம் வருதே, அது என்னது?

தம்பி: அதான் மோடம்! டெலிபோன் வயர்ல பேச்சு மட்டும்தான் போகும். அதனால மோடம் கம்ப்யூட்டர் விசயத்தைச் சத்தமா மாத்தி அனுப்பும். எதிர்ப்பக்க மோடத்தோட ‘எந்த வேகத்துல பேசலாம், லைன் எவ்வளவு இரைச்சலா இருக்கு’ன்னு பேரம் பேசுததுதான் அந்தக் கீச்சு. அப்போ உச்ச வேகம் 56 கே, அதாவது செகண்டுக்கு 56 கிலோபிட். நடைமுறைல 45 வந்தாலே பெரிசு.

அண்ணாச்சி: அதுல என்னத்த அனுப்ப முடியும்?

தம்பி: லெட்டர்னா அரை செகண்டுல போயிரும். ஒரு எம்பி போட்டோன்னா மூணு நிமிசம் ஆகும், நடுவுல லைன் கட்டானா மறுபடி மொதல்லேருந்து. முகம் பாக்காம காதலிச்சதுல பாதி ஒப்பந்தம், பாதி மோடம். வீட்டுல யாராச்சும் இன்னொரு போனைத் தூக்குனாப் போதும், கனெக்‌ஷன் செத்துரும். கால் வெயிட்டிங் இருந்தா அது வேற தொல்லை. நடுவுல விழுத ஒரு ‘டிக்’ போதும், மோடம் குழம்பிரும். அமெரிக்காக்காரன் அதை நிறுத்த நம்பருக்கு முன்னாடி ஸ்டார் 70 போட்டு டயல் பண்ணுவான்.

அண்ணாச்சி: படத்துல அவங்க அப்படி ஒண்ணும் சிரமப்பட்ட மாதிரி தெரியலியே?

தம்பி: என் மனத்தாங்கலே அதான்! இன்டர்நெட் லைன் குடுத்த ஏஓஎல் கம்பெனி 1996 டிசம்பர்ல, மாசம் 19 டாலர் 95 சென்ட் கட்டுனா எவ்வளவு நேரம் வேணாலும் உக்காரலாம்னு சொன்னான். ஏறுனவன் ஒருத்தனும் எறங்கல. எந்நேரம் டயல் பண்ணுனாலும் பிஸி டோன். ஊரே திட்டிச்சு. ரெண்டு வருசம் கழிச்சு இந்தப் படத்துல மட்டும் தொட்டதும் லைன் கிடைக்கி, ‘மெயில் வந்திருக்கு’ன்னு குரல் வருது.

அண்ணாச்சி: கம்பெனி சொல்லுத வாசகம்தான் படத்துக்கே பேரு. ரெண்டு மணி நேர விளம்பரம்னு சொல்லு.

தம்பி: அப்படித்தான் நிறைய பேரு முகத்தைச் சுளிச்சாங்க. ஆனா உண்மையான காதல் கதை திரைக்கு வெளியதான் நடந்துச்சு. படத்தை வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். 2000 ஜனவரில ஏஓஎல் அந்த வார்னரோட தாய்க் கம்பெனியையே பொண்ணு கேட்டு நிச்சயம் பண்ணிட்டான். 2001ல கல்யாணம்.

அண்ணாச்சி: குடித்தனம் எப்படி?

தம்பி: 2002 ஒரு வருசத்துல மட்டும் நஷ்டம் 9,900 கோடி டாலர் பக்கம். 2009ல பிரிஞ்சாச்சு.

அண்ணாச்சி: அதைப் படமா எடுத்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன்.

தம்பி: சரி, படத்துல உங்களுக்குப் பிடிச்ச எடம் ஒண்ணுகூடவா இல்ல?

அண்ணாச்சி: ஒண்ணு இருக்கு. கடையை மூடுன பொறவு அந்தப் பிள்ளை, ஃபாக்ஸ் புக்ஸ்ன்னு அவன் போட்ட பெரிய கடைக்குள்ள போயி, பிள்ளைங்க செக்‌ஷன்ல உக்காந்திருக்கும். ஒரு அம்மா வந்து ‘ஷூஸ்’ புத்தகங்கள் இருக்கான்னு கேக்கா. சேல்ஸ் பையனுக்கு எழுத்தாளர் பேரே தெரியல. இவதான் நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட்னு சொல்லி, ‘பாலே ஷூஸ்’ல ஆரம்பிங்க, ‘ஸ்கேட்டிங் ஷூஸ்’ அருமை, ஆனா இப்போ அச்சுல இல்லன்னு அழுதுக்கிட்டே வழி காட்டுதா. அச்சுல இல்லன்னு எவன் சொல்லுதானோ அவன்தான் புத்தகக் கடைக்காரன்டே. அந்த ஒரு சீனை எழுதுனவளுக்குக் கடை தெரிஞ்சிருக்கு.

தம்பி: தெரியாமலா? நியூயார்க்ல அதே வட்டாரத்துல பிராட்வே 82ஆம் தெரு மூலையில பார்ன்ஸ் அண்ட் நோபிள் 1993ல பெரிய கடை போட்டான். பக்கத்துல இருந்த ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி 1996ல மூடியாச்சு. எஃப்ரானும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

அண்ணாச்சி: பொறவு ஏன் முடிவைக் கெடுத்தா? போராட்டம் நடத்துதாங்க, டிவில பேசுதாங்க, கடைல கூட்டம் கூடுது. விற்பனை மட்டும் ஏறல. அது சத்தியமான உண்மை, ஆதரவு குடுக்க வாறவன் பர்ஸை வீட்டுல வச்சிட்டுத்தான் வருவான். பெரிய கடைக்காரன் லாரி கணக்குல எடுக்கதால பதிப்பாளர்ட்ட கூடுதல் கமிஷன் வாங்கிருதான். பெஸ்ட்செல்லர்ல விலையைக் குறைச்சு ஆளை உள்ள இழுத்து, காப்பியும் கதைப்புத்தகமும் முழு விலைக்குத் தள்ளிருவான். அவ எப்படி நிப்பா?

தம்பி: அதான் அவ எழுத்தாளரா மாறிருதாளே. குழந்தைகளுக்குப் புத்தகம் எழுதப் போறா.

அண்ணாச்சி: எழுதட்டும். அது எங்க விக்கும்? அவன் கடையிலதான! எழுதுனவளுக்கு ராயல்டி நூத்துக்குப் பத்து, வித்தவனுக்கு நூத்துக்கு நாப்பது. கல்யாணத்துக்குப் பொறவும் அவன்தான் முதலாளி.

தம்பி: இந்த மாதிரி கணக்கு நோட்டோட எவனும் காதல் படம் பாக்கமாட்டான்.

அண்ணாச்சி: கணக்குக்கூட ரெண்டாவதுதான். எனக்குப் பொறுக்காதது அந்த கஃபே சீன். அவ மேசையில ரோசாப்பூவும் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ புத்தகமும் வச்சிட்டுக் காத்திருக்கா. ஜன்னல் வழியா பாத்ததும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, இவதான் அந்த ‘ஷாப்கேர்ள்’னு. அவளுக்குத் தெரியாது. அங்க இருந்து கடைசி வரைக்கும் இவன் எல்லாம் தெரிஞ்சவன், அவ ஒண்ணும் தெரியாதவ. காய்ச்சல்னு படுத்தவளைப் பாக்க டெய்சிப் பூவோட போறான். இன்னொரு பேர்ல மெயிலும் போடுதான். அவ ‘அவரு யாரா இருக்கும்’னு இவன்ட்டயே கேட்டு யோசிக்கா. இவன் விளையாட்டு காட்டுதான்.

தம்பி: இந்தப் படத்தோட மூலக் கதையே அப்படித்தான் அண்ணாச்சி. ஹங்கேரியில மிக்லோஸ் லாஸ்லோ 1937ல எழுதுன நாடகம். 1940ல டைரக்டர் லுபிட்ஷ் அதைப் படமா எடுத்தாரு. அதுலயும் ஆம்பளைக்குத்தான் மொதல்ல தெரியும். அங்க புத்தகம் ‘அன்னா கரினீனா’.

அண்ணாச்சி: வாடே, வழிக்கு வா. அதுல ரெண்டு பேரும் யாரு?

தம்பி: புடாபெஸ்ட்ல ஒரு தோல் சாமான் கடை. அங்க வேலை பாக்குத ரெண்டு பேரு.

அண்ணாச்சி: ஒரே முதலாளிட்ட சம்பளம் வாங்குத ரெண்டு பேரு. அவனுக்கு ஒரு விசயம் முந்தித் தெரிஞ்சா அது குறும்பு. கடையையே பறிச்சவனுக்குத் தெரிஞ்சா அது வேற. 58 வருசம் கழிச்சுக் கதையை எடுத்தவங்க மோடத்தைச் சேத்தாங்க, கூடவே முதலாளியையும் சேத்துட்டாங்க. ஆளுக்கொரு அபிப்பிராயம் வரத்தான் செய்யும்.

தம்பி: நம்ம ‘காதல் கோட்டை’ மாதிரி ரெண்டு பேருக்குமே தெரியாம இருந்திருக்கணும்ங்கீங்க.

அண்ணாச்சி: அகத்தியன் அதை 1996லயே பண்ணிட்டாரேடே. அவன் ஓட்டுத ஆட்டோவுல அவ ஏறுவா, ரெண்டு பேருக்கும் தெரியாது. பாக்குத நமக்கு மட்டும்தான் தெரியும். தவிப்பு நமக்குத்தான். சும்மாவா தேசிய விருது குடுத்தான்?

தம்பி: அது தபால். இன்டர்நெட் காதல்னா 1999ல ‘காதலர் தினம்’ வந்துச்சு. தொழில் மரியாதைக்காகவாவது பிரவுசிங் சென்டரை அதுல நல்லாக் காட்டுனாங்க.

அண்ணாச்சி: உன் தொழில்தான் என் தொழிலை முழுங்குச்சு.

தம்பி: நான் எங்க? அமேசான்காரன் 1995லயே இணையத்துல புத்தகம் விக்க ஆரம்பிச்சாச்சு. படம் வந்த நேரத்துக்கு மூணு வருசம் ஆச்சு. கதாநாயகன் எந்த லேப்டாப்புல உருகி உருகி மெயில் அடிக்கானோ, அதுக்குள்ளதான் அவன் கடைக்கே எமன் உக்காந்திருந்தான். படத்துல ஒருத்தனும் கண்டுக்கல. பார்டர்ஸ்னு அவன மாதிரியே பெரிய சங்கிலிக் கடை 2011ல திவாலாகி மொத்தமா மூடிட்டான்.

அண்ணாச்சி: (நிமிர்ந்து உட்கார்ந்து) இதை மொதல்லயே சொல்லப்படாதா? இப்போதான்டே படம் காமெடி மாதிரி தெரியுது.

தம்பி: அப்போ எத்தனை மார்க்?

அண்ணாச்சி: கஃபே வரைக்கும் முக்கால் விலை. அதுக்குப் பொறவு பாதி விலை. கடைசிப் பூங்கா சீன், ‘நீயா இருக்கணும்னுதான் நெனைச்சேன்’னு அவ அழுததை எடைக்குத்தான் போடணும்.

தம்பி: அந்த சீன்ல அவன் நாய் பிரிங்க்லி வருதே?

அண்ணாச்சி: நாய்க்கு முழு விலை. அவன் பாதிப் படமா மறைச்சு வச்ச சமாச்சாரத்தை மொதல்ல ஓடிவந்து போட்டு உடைச்சது அதுதான்.