நோட்டர் டேம் தனியாகவே ஆடட்டும்

2025 டிசம்பர் 7 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தேசியப் பட்டத்துக்காக மோதும் அணிகளின் பிளேஆஃப் பட்டியல் வெளியாகி, அதில் நோட்டர் டேம் இல்லை என்று தெரிந்த நாள் முதல், இங்கே இந்தியானாவில் யாரைப் பார்த்தாலும் ஒரே பேச்சு: "இனியாவது ஒரு கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட வேண்டியதுதானே?" எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை.

இந்த விளையாட்டைப் பின்தொடராத நண்பர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து, நம் ஊர்க் கால்பந்து அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் கான்ஃபரன்ஸ் என்னும் கூட்டமைப்புகளில் சேர்ந்து ஆடுகின்றன. பெரும்பாலான ஆட்டங்களில் எதிரணி யார் என்பதை அதுவே முடிவு செய்கிறது, தொலைக்காட்சிப் பணத்தையும் பங்கிட்டுக் கொடுக்கிறது. சவுத் பெண்ட் நகரிலிருக்கும் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டேம் 1887இல் கால்பந்து ஆடத் தொடங்கியது. கொரோனா காலத்து 2020 பருவம் ஒன்றைத் தவிர, கால்பந்தில் அது எந்தக் கூட்டமைப்பிலும் இருந்ததில்லை. பென் ஸ்டேட், மயாமி, ஃபுளோரிடா ஸ்டேட் எல்லாம் ஒரு காலத்தில் தனி அணிகளாக இருந்தவைதான். 1990களின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பிரிகாம் யங் 2023இல் போனது. ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி 2024இல் போனது. 2025 பருவத்தில் உயர்மட்டத்தில் தனித்து நின்றவை நோட்டர் டேமும் கனெக்டிகட்டும் மட்டுமே.

கூட்டமைப்பில் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும் என்கிறார்கள். அந்த வாரம் என்ன நடந்தது என்று பாருங்கள். நோட்டர் டேமுக்கு 10 வெற்றி, 2 தோல்வி. மயாமிக்கும் அதே கணக்கு. அதற்கு முந்தைய பட்டியல் வரை பிளேஆஃப் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு நோட்டர் டேமைத்தான் மேலே வைத்திருந்தது. கடைசி வார இறுதியில் இரண்டு அணிகளும் ஆடவே இல்லை. பட்டியலில் இரண்டுக்கும் இடையில் இருந்த பிரிகாம் யங் தோற்றுக் கீழே இறங்கியதும் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு மயாமியை மேலே ஏற்றினார்கள். மயாமி ஏசிசி கூட்டமைப்பின் உறுப்பினர்தான், ஆனால் அதன் இறுதியாட்டத்துக்குக்கூட அது போகவில்லை. அந்த இறுதியாட்டத்தில் வென்று சாம்பியனான டியூக், ஐந்து தோல்விகளைச் சுமந்திருந்ததால் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. அப்படியானால் கூட்டமைப்பு யாருக்கு என்ன உத்தரவாதம் கொடுத்தது?

மயாமியை உள்ளே சேர்த்தது ஆகஸ்ட் 31 அன்று அது 27–24 என்று நோட்டர் டேமை வென்ற ஆட்டம். நோட்டர் டேமின் இன்னொரு தோல்வி டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியிடம், 41–40. அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் நோட்டர் டேம் டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) போட்ட பிறகு, உதைக்க வேண்டிய பந்து கைக்குச் சரியாக வந்து சேராமல், உதைத்து எடுக்க வேண்டிய எக்ஸ்ட்ரா பாயிண்ட் என்னும் ஒரு புள்ளி போயிற்று. அடுத்து எதிரணி, 13 விநாடிகள் மீதமிருக்கையில் டச்டவுன் போட்டது. அந்த ஒரு புள்ளியை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இரண்டு தோல்வியும் சேர்ந்து நான்கே புள்ளி வித்தியாசம். இதற்கு மருந்து பயிற்சிக் களத்தில் இருக்கிறது. உறுப்பினர் படிவத்தில் இல்லை.

இந்தத் தனிமை அவர்கள் கர்வத்தால் தேடிக்கொண்டதும் இல்லை. இன்று பிக் டென் எனப்படும் கூட்டமைப்பின் கதவை நோட்டர் டேம் அந்தக் காலத்தில் தட்டத்தான் செய்தது, அவர்கள் திறக்கவில்லை. மிஷிகன் அணி 1910இல், நோட்டர் டேம் வீரர்கள் புறப்படத் தயாராக இருந்த நேரத்தில் ஆட்டத்தையே ரத்து செய்தது. 1920களில் இந்தியானாவில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பு கொடிகட்டிப் பறந்தது. கத்தோலிக்கர்கள் மீது இருந்த வெறுப்பு பல்கலைக்கழக வாசல் வரை வந்தது. பக்கத்து வீட்டார் சேர்த்துக்கொள்ளாததால் ஊர் ஊராக ரயிலேறிப் போய் ஆடினார்கள். 1913இல் ஆர்மியை அதன் சொந்த மண்ணில் 35–13 என்று வீழ்த்தினார்கள். 1926 முதல் சதர்ன் கலிஃபோர்னியாவோடு ஆடினார்கள். அப்படி அலைந்ததில்தான், கல்லூரி வாசலையே மிதிக்காத அயர்லாந்து, இத்தாலி, போலந்துக் குடியேறிகளின் பிள்ளைகள் நாடெங்கும் அதைத் தங்கள் அணியாக எடுத்துக்கொண்டார்கள். அதே பிக் டென் பிற்காலத்தில் அழைப்பு விடுத்தபோது, 1999இல் பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. அது சரியான முடிவு.

தனியாக இருப்பதன் பயன் என்ன என்று கேட்பவர்களை, கடற்படைக் கல்லூரி அணியான நேவியோடு நோட்டர் டேம் ஆடும் ஆட்டத்துக்கு அழைத்துப்போவேன். இரண்டாம் உலகப்போரின்போது மாணவர்கள் போருக்குப் போய்விட, பல்கலைக்கழகம் தள்ளாடியது. கடற்படை அங்கே பயிற்சித் திட்டங்களை நடத்தித் தாங்கிப் பிடித்தது. 1927இலேயே தொடங்கியிருந்த ஆட்டத்தை அந்த நன்றிக்காகவே விடாமல் தொடர்ந்தார்கள். 1964 முதல் 2006 வரை 43 ஆண்டுகள் வரிசையாக நேவி தோற்றது. 2007இல் மூன்று ஓவர்டைம் போய் 46–44 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் முதலில் ஒரு பக்கத்து மாணவர்கள் முன்னால் போய் நின்று அவர்கள் கல்லூரிப் பாடலைக் கேட்கும், பிறகு மறுபக்கம் போகும். தோற்ற இருபது வயதுப் பையன்கள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்தில் வியர்வை காயாமல், வென்றவர்களின் பாட்டு முடியும் வரை அசையாமல் நிற்பார்கள். அந்தத் தொடர் 2020இல் அறுந்தது. நோட்டர் டேம் ஏசிசி அட்டவணையில் ஆடிய அதே ஆண்டு. பெருந்தொற்று காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் யாருடன் ஆடுவது என்பதை இன்னொருவர் எழுதும்போது முதலில் உதிர்வது இப்படிப்பட்ட ஆட்டங்கள்தான்.

பணம் ஒரு காரணம் என்பது உண்மை. பிக் டென் 2022இல் போட்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கும் மேல். ஆனால் 1991 முதல் சொந்த ஊர் ஆட்டங்களை என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஓர் அணி பசியால் வாடவில்லை. அதோடு, மற்ற பல விளையாட்டுகளில் 2013 முதல் ஏசிசியில் இருப்பதால், 2036 வரை கால்பந்தில் எங்காவது சேர்வதென்றால் அங்கேதான் சேர வேண்டும் என்று ஒப்பந்தமே இருக்கிறது. பிக் டென்னில் சேரச் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

நோட்டர் டேம் நிர்வாகத்தின் மீது எனக்குக் கோபமும் உண்டு. பிளேஆஃப் கிடைக்கவில்லை என்றதும், பருவ முடிவில் அணிகளை அழைத்து நடத்தும் பவுல் ஆட்டம் எதுவும் வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். கடைசியாக ஒரு முறை அந்தத் தங்கநிற ஹெல்மெட்டை அணிந்து ஆடியிருக்கக்கூடிய நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு போயிற்று. அதைவிட வலிப்பது, ஆட்டத்தை எந்த மாதத்தில் வைப்பது என்ற இழுபறியில் சதர்ன் கலிஃபோர்னியா தொடரை நிறுத்தியது. யாருடனும் ஆடலாம் என்ற உரிமைக்காகத்தானே இத்தனை ஆண்டுகள் தனியாக நின்றீர்கள்? அந்த உரிமையை வைத்துக்கொண்டு நூற்றாண்டுப் பகையாளியைக் கைவிட்டால், நாளை உங்கள் பக்கம் நின்று நான் எதைச் சொல்லி வாதாடுவேன்? அவர்கள் ஆகஸ்டில் ஆடலாம் என்றால் ஆகஸ்டில் ஆடுங்கள். லாஸ் ஏஞ்சலீஸுக்கு வரச் சொன்னால் போங்கள். 2036 வரை அந்த ஆட்டத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடுங்கள்.