ஷெர்லி ஜாக்சனும் அயலட்டைச் சனமும்

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனைப் 'பேய்க்கதைக்காரி' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அநேகமாக 'த ஹோண்டிங் ஒவ் ஹில் ஹவுஸ்' நாவலோடு நிறுத்திக்கொண்டவர்கள். அதிலும் பாதிப்பேர் 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரைத்தான் பார்த்திருப்பார்கள். அந்தத் தொடர் வீட்டின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எடுத்துக்கொண்டு தன்பாட்டில் வேறு கதை சொல்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஆறு நாவல்களையும் வந்த வரிசையிலேயே வாசித்துப் பாருங்கள். என் அபிப்பிராயம், அந்த மனுசிக்குப் பேயில் பெரிய பயம் இருக்கவில்லை. பயமெல்லாம் அயலட்டைச் சனத்தில்தான்.

1948இல் வந்த முதல் நாவலில் பேய் என்ற பேச்சே கிடையாது. கலிபோர்னியாவில் ஒரு ஒழுங்கான தெரு, ஒழுங்கான குடும்பங்கள், தெருமுடிவில் ஒரு மதில். மதிலை உடைக்கிறார்கள், கடைசியில் ஒரு சின்னப் பிள்ளை செத்துக் கிடக்கிறது. அதே வருஷம் ஜூனில் 'த நியூயோர்க்கர்' இதழில் 'த லொட்டரி' சிறுகதை வந்தது. ஊர்ச்சனம் கூடிச் சீட்டு எடுக்கிறது, சீட்டு விழுந்தவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறது. அந்தக் கோடையில் முந்நூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தனவாம். திட்டி எழுதியவர்களை விடுங்கள். இந்தச் சீட்டிழுப்பு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். எனக்குக் கதையை விட அந்தக் கடிதங்கள்தான் பயம்.

ஐம்பதுகளில் அந்தப் பயம் தெருவை விட்டுத் தலைக்குள் போகிறது. 'ஹாங்ஸமன்' கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை, 'த பேர்ட்ஸ் நெஸ்ட்' ஒரே உடம்புக்குள் நாலு ஆட்கள் குடியிருக்கும் பெண்ணின் கதை. இடையில் நாலு பிள்ளைகளை வளர்த்த கூத்தைப் பெண்கள் சஞ்சிகைகளுக்குப் பகிடியாக எழுதிக் காசும் சம்பாதித்தார். 1958இல் வந்த 'த சண்டயல்' உலகம் அழியப்போகிறது, தங்கள் மாளிகை மட்டும் தப்பும் என்று நம்பும் குடும்பத்தைப் பற்றியது. முசுப்பாத்தியான புத்தகம்தான், ஆனால் நடுவில் இழுபடுகிறது.

பிறகு 1959இல் ஹில் ஹவுஸ். அந்த வீட்டில் ஒரு மூலையும் சரியான செங்கோணத்தில் இல்லை. எல்லாம் மட்டுக்கட்ட முடியாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சம் பிசகு, அதனால் திறந்துவைத்த கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கின்றன. பேய்க்கு இதைவிட மலிவான ஏற்பாடு வேண்டாம். ஆனால் கதையின் பாரம் எலினரில் இருக்கிறது. படுக்கையில் கிடந்த தாயைப் பதினொரு வருஷம் பார்த்தவள், தனக்கென்று ஒரு அறைகூட இல்லாதவள். அப்படிப்பட்டவளை ஒரு வீடு 'வா' என்று கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வாள்? எங்கள் குடும்பங்களிலும் எலினர்கள் உண்டு. அதைப் பற்றி எழுதினால் உறவு முறியும்.

1962இல் வந்த கடைசி நாவல் 'வீ ஹாவ் ஓல்வேஸ் லிவ்ட் இன் த காஸில்'. பேய் முழுதாகப் போய்விட்டது. சீனிப் பாத்திரத்தில் ஆர்சனிக் கலந்து குடும்பத்தில் நாலு பேர் செத்தபின், ஊர் வெறுக்கும் பெரிய வீட்டில் அக்காவும் தங்கையும் நோயாளிச் சித்தப்பாவும். தங்கை மெரிகாட், நாங்கள் வாசலில் எலுமிச்சம்பழமும் செத்தல் மிளகாயும் கட்டுவதுபோல, காசைப் புதைத்து, புத்தகத்தை மரத்தில் ஆணியடித்துக் காவல் போடுகிறாள். ஒருநாள் வீடு தீப்பிடிக்கிறது. தீயணைப்புப் படைத் தலைவர் ஒழுங்காகத் தன் வேலையைச் செய்து நெருப்பை அணைக்கிறார். அணைத்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு எறிகிறார். அவ்வளவுதான், சனம் உள்ளே பாய்கிறது. 1948இல் எடுத்த கல் பதினாலு வருஷத்துக்குப் பிறகு இங்கே வந்து விழுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் கொழும்புத் தமிழரால் சும்மா வாசிக்க முடியாது. இருட்டினதும் அதே சனம் வாசலில் சாப்பாட்டுக் கூடைகளை வைத்துவிட்டுப் போகிறது. கோப்பைகள் உடைந்ததற்கு மன்னிக்கவும், திரைச்சீலைக்கு மன்னிக்கவும் என்று துண்டும் வைக்கிறது.

வெள்ளவத்தையில் எங்கள் மாமியின் வீடு 83 ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. தமிழர் வீடுகளைத் தேடி வாக்காளர் பட்டியலோடு வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. முகாமிலிருந்து அவர் திரும்பிய பிறகு, பக்கத்து ஒழுங்கைக்காரர் ஒருவர் மாமியின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்திரமாக வைத்திருந்தேன் என்றார். மாமி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். காப்பாற்றியதா, எடுத்துக்கொண்டு போனதா என்று கடைசிவரை கேட்கவில்லை. எங்கள் பேய்ப்படங்களில் மந்திரவாதி வந்து ஆணி அடித்தால் கதை முடிந்துவிடும். தையல் மெஷினோடு வந்து நிற்கிற மனுசனை எந்த ஆணியால் அடிப்பது?

அந்த நாவலுக்குப் பிறகு ஜாக்சன் வீட்டை விட்டு வெளியே வரவே பயந்து பல மாதங்கள் கிடந்தார். 1965 ஆகஸ்டில், 48 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். ஆனால் அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு விதவை வீட்டை விற்றுவிட்டு, புதுப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, தெரியாத நகரத்துக்குச் சந்தோஷமாகப் புறப்படுகிறாள். ஆவிகளோடு பேசுவாளாம், அதையும் பகிடியாகச் சொல்கிறாள். இருட்டை எழுதுகிறவர் போகப்போக இன்னும் இருட்டுக்குள்தான் போவார் என்று விமர்சனம் எழுதுகிற ஆட்கள் இந்தத் துண்டை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் காஸிலில் தொடங்குங்கள். சின்னப் புத்தகம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 83ஐ நேரில் கண்ட ஒருவருக்கு இரவல் கொடுப்பதென்றால் மட்டும், நெருப்புப் பிடிக்கும் கட்டம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.