அந்தச் சிப்பின் மீது மட்டும் பழி போட வேண்டாம்

எலெக்ட்ரிக் கிடாரின் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் பெடல் டியூப் ஸ்க்ரீமர். அதன் பழைய மாடலான டிஎஸ்808 இனிமையாக ஒலிப்பதற்கு உள்ளே இருக்கும் ஜேஆர்சி 4558 என்ற ஆப்-ஆம்ப் (ஒலி சமிக்ஞையைப் பெருக்கும்) சிப்தான் காரணம், அது மாறியதால்தான் புதியவை வேறு மாதிரி ஒலிக்கின்றன என்று சிலர் சொல்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருக்கிறது, அந்தச் சிப்பைத் தேடி வாங்கிச் சாலிடர் வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சுற்று வரைபடம் வேறு கதை சொல்கிறது.

இந்தப் பெடலில் ஒலியைச் சிதைப்பவை ஆப்-ஆம்பின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பும் பின்னூட்டப் பாதையிலுள்ள சிலிக்கான் டயோடுகள். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் குறைவதற்கு ஒரு மின்தடையும் மின்தேக்கியும் காரணம். நடு அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும் அதன் தனி ஒலி அங்கேதான் பிறக்கிறது. 1982இல் வந்த அடுத்த மாடலான டிஎஸ்9இல் முக்கியமாக மாறியவை வெளியீட்டிலுள்ள இரண்டு மின்தடைகள்: 100 ஓம் 470 ஓம் ஆனது, 10 கிலோஓம் 100 கிலோஓம் ஆனது. இதன் விளைவும் சிறியதே. மேலும், டிஎஸ்808 எல்லாவற்றிலும் ஜேஆர்சி சிப் இருந்ததில்லை. சிலவற்றில் ஆர்சி4558பி என்ற வேறு சிப் இருந்தது.

சோதிப்பது எளிது. சிப்புக்கு ஒரு சாக்கெட் பொருத்துங்கள். கிடாரை ஒரே முறை பெடல் இல்லாமல் பதிவுசெய்து, அதையே ஒவ்வொரு சிப் வழியாகவும் ஓட்டுங்கள். ஒலியளவைச் சமப்படுத்துவது முக்கியம். சற்று உரக்கக் கேட்பதைத்தான் காது நல்லது என்று சொல்லும். எது எந்தச் சிப் என்பதை நண்பர் மறைத்து வைக்க, பத்து முறை ஊகித்துப் பாருங்கள்.