அக்கா பேர் பதிந்த வீடு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள வண்டிப்பெரியாறில் நான் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சென்ற வாரம் என்னை அழைத்திருந்தார்கள். வரவேற்புரை ஆற்றியவர், வீடிழந்த நிலையிலும் படிப்பை விடாமல் ஆசிரியரானவர் என்று என்னை அறிமுகம் செய்தார். மைக் கைக்கு வந்தபோது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், நன்றி கூறி அமர்ந்துவிட்டேன். அந்தக் குறை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

பீருமேடு தாலுகாவின் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தரும் பொறுப்பை 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு வந்து வேலையோடு போவது. 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்ததால், மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் கொழுந்து பறித்தும் எங்கள் பேரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. ஓய்வு பெற்றவர் லயத்தில் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் மகனோ மகளோ தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதிய வேண்டும். எங்கள் மலையில் வீட்டுக்கு வாடகை என்பது ஒரு பிள்ளையின் படிப்புதான்.

அப்பா ஓய்வு பெற்றபோது நான் பத்தாம் வகுப்பு, அக்கா பிளஸ் டூ. கிராஜுவிட்டி எனும் பணிக்கொடையை 30 நாளுக்குள் தர வேண்டும் என்றது அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் தோட்டத்திலோ, சாவியைக் கொடுத்தால்தான் பணம் என்றார்கள். கொடுத்தோம், பணம் உடனே வரவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஐந்து மாதம் ஒதுங்கியிருந்தோம். ஜூன் மழையில் தகரத்தின் இரைச்சலுக்கு நடுவே வாய்விட்டுப் படித்தால் என் குரலே எனக்குக் கேட்காது. புத்தகங்களை உரச்சாக்கின் உள்பையில் போட்டுக் கட்டியும் ஈரம் ஏறி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அக்கா அடுப்பின் அனலில் காட்டி, கிழியாமல் ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் தருவாள். ஒரு நாள் அந்தப் பையில் என் புத்தகங்கள் மட்டும் இருந்தன. பதினெட்டு வயது நிறைந்த மறுவாரம் அவள் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். தோட்டத்தின் வேறொரு டிவிஷனில் எங்களுக்கு வீடு கிடைத்தது.

நானும் உழைத்துப் படித்தவன்தான். அதை மறுத்துப் பொய்யடக்கம் காட்ட விரும்பவில்லை. கல்லூரி நாட்களில் விடியுமுன் பஸ் ஏறி, குமுளியிலிருந்து மலையிறங்கி, லோயர் கேம்ப், கூடலூர், கம்பம் தாண்டி உத்தமபாளையம் வரை மடியில் நோட்டோடு போனவன். ஆனால் அந்த பஸ் கட்டணம் யாருடைய கூலியிலிருந்து வந்தது என்பதை விட்டுவிட்டு என் விடாமுயற்சியை மட்டும் புகழ்வது கணக்கில் பாதியை மறைப்பதாகும். இப்படிப்பட்ட புகழ்ச்சியில் வேறொரு வசதியும் இருக்கிறது: படிப்பு ஒன்றே போதும் என்றாகிவிட்டால், ஓய்வு பெற்றவருக்கு வீடு எங்கே என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் லய வரிசைகள் மண்ணுக்குள் போய் 70 பேர் மாண்ட செய்தியைப் பார்த்துவிட்டு, “இந்த மாதிரி வீட்டுக்குத்தானா தம்பி நான் படிப்பை விட்டேன்?” என்று அக்கா கேட்டாள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் பொருந்துகிறது. வீட்டுக்காகப் பேர் பதியும் வயதோ அதற்குப் பிறகுதான் வருகிறது. எனவே ஓய்வு பெற்றவரின் குடியிருப்பைப் பிள்ளையின் வேலையோடு முடிச்சுப் போடும் வழக்கம் ஒழிய வேண்டும். அதுவரை, வீடு ஊசலாடும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ முடியும்வரை விடுதியில் இடம் உறுதியாகக் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

என்னால் முடிந்தது சிறிய காரியம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் அப்பா, அம்மாவின் வயதைக் கேட்டு, ஓய்வு வயதான 58ஐ நெருங்கியவர்களின் பிள்ளைகளைத் தனி நோட்டில் குறித்து வைக்கிறேன். இந்த ஆண்டு அதில் நான்கு பெயர்கள் இருக்கின்றன. மூன்று நாட்களாக ஒருத்தி வகுப்புக்கு வரவில்லை. நாளை மாலை அவள் லயத்துக்குப் போகிறேன். அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.