கண்ணாடி உடையும் ஓசை கேட்காதவர்களுக்கு
தொழில்முறை மல்யுத்தம் கண்ணுக்கான காட்சி என்பதால் செவிப்புலனற்ற இரசிகர்கள் அதில் எதையும் இழப்பதில்லை என்று நான் வாசித்த ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிடிகளும் வீழ்த்தல்களும், நடுவர் தரையில் தட்டி மூன்று வரை எண்ணுவதும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் அந்தக் காட்சியின் கதையில் வீரர்கள் இருவருக்கிடையில் பகை ஏன் மூண்டது என்பது ஒலிவாங்கியைப் பிடித்து அவர்கள் பேசும் பேச்சில்தான் இருக்கிறது. இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் வளர்ந்த காலத்தில், மல்யுத்த வீரர் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் வருகையை அறிவிக்கும் கண்ணாடி உடையும் ஓசை கேட்டு எல்லோரும் துள்ளி எழும்போது, பிறவியிலேயே காது கேளாத என் தம்பி முதலில் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டே திரையின் பக்கம் திரும்புவான். அண்டர்டேக்கர் என்ற இன்னொரு வீரர் வரும்போது அரங்கின் விளக்குகள் அணைவதால், அந்த ஒருவருக்கு மட்டும் அவன் எங்களோடு சேர்ந்தே ஆரவாரித்தான், அந்த மகிழ்ச்சியை நான் இன்னும் மறக்கவில்லை. திரையில் வசன வரிகள் இருந்தால் போதும் என்று அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேற்பட்டதுமான தொலைக்காட்சிகளில் அவற்றைக் காட்டும் வசதி சட்டப்படி கட்டாயம் என்பது சரியே, எனினும் நேரடி ஒளிபரப்பில் அவை பேச்சுக்குச் சில விநாடிகள் பிந்தியே வருகின்றன, அதுவும் ஆங்கிலத்தில் வருவதால் தமிழில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த என் தம்பிக்கு இன்றும் நான்தான் கையசைத்துக் கதை சொல்ல வேண்டியிருக்கிறது.