இந்தக் காலாண்டு இலக்கும் வந்துவிட்டது

கொழும்புத் தலைமையகத்திலிருந்து எங்கள் வங்கிக் கிளைக்கு மறுபடியும் 'டிஜிட்டல் உருமாற்ற இலக்குகள்' வந்துவிட்டன. போன காலாண்டு இலக்குகள் என்னவாயின? கேட்காதீர்கள், அதற்கும் ஒரு படிவம் வரும்.

இலக்கு அளக்கக்கூடியதாக, காலவரையோடு இருக்கவேண்டும் என்று முகாமைத்துவ ஆலோசகர் ஜோர்ஜ் டோரன் 1981இலேயே எழுதிவிட்டார். எங்களுக்கு வருவதோ 'வாடிக்கையாளர் பயணத்தை மறுகற்பனை செய்தல்'. இதை எதால் அளப்பது, நெல் நிறுக்கும் தராசாலா? ஒட்டுசுட்டான் கமக்காரருக்குப் பயணம் என்றால் மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் பஸ் பிடித்து, கிளிநொச்சிக் கிளைக்கு வருவதுதான். அப்படி வந்தவரிடம் "ஐயா, செயலியைத் தரவிறக்குங்கோ" என்று சொல்லவேண்டுமாம். அவர் பட்டன் போனைத் தூக்கிக் காட்டுகிறார். அதுவும் காலபோக அறுவடை நேரத்தில்!

அப்புறம் 'காகிதமற்ற கிளை'. அதன் முன்னேற்ற அறிக்கையை மூன்று பிரதி எடுத்து, முத்திரை குத்தி, கூரியரில் அனுப்பட்டாம்.